விரல் முறிவது அமெரிக்காவில். நம்பர் போடுவது சென்னையில்!

சென்னை—

அமெரிக்காவில் ஒருவர் கட்டில் காலில் இடித்துக் கொள்கிறார். சுண்டு விரல் எலும்பு முறிந்து விடுகிறது. டாக்டர் பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிறார். அந்த விரலுக்கு 'பில்' தயாராவது பல சமயம் நம்ம சென்னையில்!

'மெடிக்கல் கோடிங்' என்று இதற்குப் பெயர். இங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இதுதான் பிழைப்பு. டாக்டரின் குறிப்பைப் படித்து நோய்க்கு ஒரு நம்பர், சிகிச்சைக்கு ஒரு நம்பர் போட வேண்டும். நம்பரைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும்.

விரலுக்கு விரல் அடையாளம்

இடது கால் கட்டை விரலுக்கு 'டி.ஏ.' அடுத்த நாலு விரல்களுக்கு 'டி.1' முதல் 'டி.4' வரை. வலது கட்டை விரல் 'டி.5', வலது சுண்டு விரல் 'டி.9'.

2015 அக்டோபருக்கு முன்பு தோல் கிழியாத முறிவு என்றால் எந்த விரலுக்கும் 826.0 என்ற ஒரே நம்பர்தான். இப்போது கட்டை விரலுக்கு 'எஸ் 92.4', மற்றவற்றுக்கு 'எஸ் 92.5' வரிசை. எந்தக் கால், எலும்பு விலகியதா, முதல் சிகிச்சையா என்பதெல்லாம் அந்த நம்பரிலேயே தெரிய வேண்டும். இடதா வலதா என்று டாக்டர் எழுத மறந்தால் ஊகித்துப் போடக்கூடாது, கேட்டுத்தான் போடணும்.

கத்தி இல்லாத 'சர்ஜரி'

சுண்டு விரல் எலும்பை இழுத்து நேராக்காமல் சிகிச்சை செய்தால் 28510. நேராக்கினால் 28515. கடைசி இலக்கம் மாறினால் ரேட்டும் மாறும்!

இந்த நம்பர்கள் கோடிங் புத்தகத்தில் 'சர்ஜரி' பகுதியில் இருப்பவை. அதனால் பில்லிலும் சர்ஜரி என்று வரலாம். "கத்தியே வைக்கலையே, எதுக்கய்யா ஆபரேஷன் சார்ஜ்?" என்று நோயாளி திகைத்துப் போகிறார்.

ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. முதல் கட்டும், அதே டாக்டரிடம் 90 நாள் வரை வழக்கமாகப் போய்க் காட்டுவதும் அந்த ஒரே கட்டணத்தில் அடங்கும். எக்ஸ்ரே தனி.

பில் வந்தால்...

நம்பர் தப்பினால் இன்ஷூரன்ஸ் கைவிரித்து விடலாம். செலவு நோயாளி தலையில் விழும். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா? சொல்லி வையுங்கள். ஐட்டம் வாரியாக பில் கேட்டு வாங்கணும். எந்த விரல், என்ன சிகிச்சை என்று ஒத்துப் பார்க்கணும். தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். இன்ஷூரன்ஸ் மறுத்தால் அப்பீல் செய்ய உரிமை உண்டு.

சுண்டு விரல்தானே என்று விட்டால், நோவது பர்ஸ்தான்!