தோப்பு ஒருவருடையது, தேனீ ஒருவருடையது

மதுரையை அடுத்த சோழவந்தான், வாடிப்பட்டி பகுதிகளின் தென்னந்தோப்புகளில் சில பருவங்களில் தேனீப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். தோப்பு ஒருவருடையது, பெட்டிகளும் அவற்றினுள் வாழும் தேனீக்களும் வேறொருவருடையவை. இவ்வாறு பெட்டிகளோடு ஊர் பெயர்வோருள், குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் பாட்டன் காலம் முதல் இதனைக் குடும்பத் தொழிலாகப் பேணி வருவோரும் உளர். பிறர் நிலத்துப் பூக்களில் தம் விளைச்சலை எடுக்கும் இவ்வேளாண்மை எதன் மீது நிற்கிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்தில் பானையிலோ மரப்பொந்திலோ கட்டிய அடையைப் பிழிந்தே தேன் எடுத்தனர், கூடு அழிந்தது. கழற்றி மாட்டத்தக்க சட்டங்கள் கொண்ட பெட்டியை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் உருவாக்கினார். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910-களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் அமைத்தார். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகப் பணி வழியே, ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில், அது மார்த்தாண்டத்து எளிய குடும்பங்களைச் சென்றடைந்தது. கூட்டை அழிக்காமல் தேனெடுக்க முடிந்ததுபோலவே, கூட்டோடு பயணம் செய்யவும் முடிந்தது.

குமரியில் இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் தளிர்க்கும்போது, தளிரிலைக் காம்பில் இனிய நீர் சுரக்கும். தேனின் பெரும்பகுதி அப்போது கிடைக்கிறது. பின்னர் மழைக்காலப் பஞ்சம் வரும். முருங்கை, புளி, எள், சூரியகாந்தி, தென்னை ஆகியவை பூக்கும் சமவெளிகளை நாட வேண்டும். மதுரையின் புகழ்மிக்க மல்லிகையோ மொட்டிலேயே பறிக்கப்படுவதால் தேனீக்குப் பயன்படுவதில்லை. பெட்டிகளை நகர்த்துவது இரவில்தான். அந்தியில் தேனீக்கள் திரும்பிய பின் வாயிலை அடைத்து லாரியில் ஏற்றுகின்றனர்.

இம்மரபு எளிதில் நிலைத்ததன்று. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் புழுப் பருவத்திலேயே தேனீக்களைக் கொன்று, தென்னகத்து அடுக்குத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது. பலர் தொழிலை விட்டனர். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். எஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கி மீண்டவர்களும் உண்டு. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு அவர்களுடைய பொறுமைக்கும் உரியதென்று கொள்ளலாம்.

திருமறையின் பதினாறாம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்கிறது. மலைகளையும் மரங்களையும் மனிதர் எழுப்புவனவற்றையும் வீடாகக் கொள்ளுமாறு இறைவன் தேனீக்கு அறிவித்ததாகக் கூறும் வசனத்தை அடுத்து, அவன் எளிதாக்கிய பாதைகளில் செல்லுமாறு பணிக்கப்படுகிறது. வீடும் பயணமும் அடுத்தடுத்தே சொல்லப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. மதீனாவில் அன்சார்கள் தம் பேரீச்ச மரங்களைப் புலம்பெயர்ந்து வந்த முஹாஜிர்களுடன் பங்கிட முன்வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. வந்தவர் உழைக்க, விளைச்சல் இருவருக்குமாயிற்று. மரம் உடையவரிடமே இருந்தது, வந்தவரும் இரவலராகவில்லை.

தோப்புக்காரருக்கும் தேனீ வளர்ப்பவருக்கும் உள்ள உறவும் இத்தகையதே. இவருக்குத் தேன், அவருக்கு மகரந்தச் சேர்க்கையால் கூடும் காய்ப்பு. ஆயின் இவ்வுடன்படிக்கையைக் குலைப்பவை இரண்டு. முதலாவது, சொல்லாமல் பட்டப்பகலில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி. முந்தைய நாளே அறிவித்து மாலையில் தெளித்தால் பெருஞ்சேதம் தவிரும். இரண்டாவது, சர்க்கரைப் பாகு கலந்த தேன். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் நபிமொழியை அறிந்த வணிகருக்கு வேறு விளக்கம் வேண்டா.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ரப்பர்த் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. குளுக்கோஸ் மிகுந்த தூய தேனும் உறையவே செய்யும். உறைந்ததைக் கண்டதும் கலப்படம் என ஒதுக்கினால், உண்மையாய் உழைத்த குடும்பம் விற்க வழியின்றி நிற்கும். உறையாத பாகுக்குச் சந்தை பெருகும். தலைமுறைகள் காத்த தொழில் நம் அறியாமையால் அழியலாகாது.