பீலித் தண்ணீர் கலங்கும்போது

24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் மஞ்சள். 100 என்றால் செம்மஞ்சள். 150 என்றால் சிவப்பு: வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இலங்கையின் மண்சரிவு எச்சரிக்கை இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

பதுளை மாவட்டத்து லுணுகலைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேறு கணக்கும் உண்டு. பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா? என்றுமில்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புகிறதா? நேற்று சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கிறதா? கொழுந்தெடுக்க மலைக்குப் போய் வரும் பெண்கள் இதையெல்லாம் பார்க்கிறார்கள். வடிகால் கான் வெட்டுவதைப் பல தோட்டங்கள் கைவிட்டதால் மழைநீர் ஓட வழியின்றி மண்ணுக்குள் இறங்குவதையும் அவர்கள்தான் முதலில் கண்டார்கள். மழைமானி மழையை அளக்கும். தூர்ந்த கானை அது அறியாது.

கருவி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நள்ளிரவில் மலையைப் பார்க்க ஆளில்லை, கருவி விழித்திருக்கும். அது சரிதான்.

ஆனால் அதே மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையை என்ன சொல்வது? அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தாயிற்று. சனங்களுக்கும் தெரியும். 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள், திரும்பிவர வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

அறிவியலும் சொன்னது, அனுபவமும் சொன்னது. போக இடம்தான் இல்லை. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதை விட்டிறங்கினால் ஒரு பேர்ச் காணி கிடையாது. பிற்காலத்து வீடமைப்புத் திட்டங்கள் பேசிய 7 பேர்ச் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு வந்து சேரவில்லை. 1990களில் அபாய வரைபடம் வரையத் தொடங்கியபோதே பதுளை மாவட்டம் முதல் வரிசையில் இருந்தது. முப்பது ஆண்டுகளில் வரைபடம் நுணுக்கமாகிவிட்டது, சிவப்புக் கோட்டுக்குள் குடியிருப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது இதுதான். எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாகிறதோ, பொறுப்பு அவ்வளவுக்கு லயத்து வாசலில் வந்து விழுகிறது. 'சொன்னோமே, ஏன் போகவில்லை?' என்று கேட்பது சுலபம். கைக்குழந்தையோடும் நடக்கமுடியாத கிழவியோடும் அடைமழையில் இறங்குபவர்களுக்குப் போகிற இடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே லுணுகலையின் ஒவ்வொரு தோட்டத்திலும் ஐப்பசி மழைக்கு முன் முடிவாக வேண்டியவை: பீலி கலங்கினால், எச்சரிக்கையின் நிறம் மாறும்வரை காத்திராமல், லயத்தைக் காலிசெய்யச் சொல்லும் அதிகாரம் தோட்டத்திலேயே யாருக்கு? மறுநாள் வேலைக்குப் பெயர் போடாததற்குச் சம்பளம் வெட்டுவார்களா? பாடசாலை மண்டபத்தின் சாவி இரவில் யார் வீட்டில் இருக்கும்?