வீட்டிலேயே பாட்டுப் பதிவு அறை: கடன் எடுக்கும் முன் தெரிந்துகொள்வோம்



முளைப்பாரிக் கும்மி, நடவுப்பாட்டு, தாலாட்டு என்று நம் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எதற்கும் ஒரு பாட்டு உண்டு. இப்போது நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. கும்மிக்கு ரேடியோ செட்டில் பாட்டுப் போடுகிறார்கள். முழுப்பாட்டும் தெரிந்தவர்கள் நம் அப்பத்தா, அம்மாச்சிமார்தான். அவர்கள் போனால் பாட்டும் போய்விடும். பதிவு செய்து வைப்போம் என்றால், "ஸ்டுடியோவுக்கு எவ்வளவு கடன் எடுக்கணும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பதிவுக்கு முதல் தேவை மெஷின் இல்லை, அமைதியான அறை.

முன்னால் செய்து காட்டியவர்கள்

மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தன் கணவருடன் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒரு பதிவுக்கூடம் அமைத்தார். கருவி வாங்கக் காசில்லாத நேரத்தில் தாயார் கரீமா பேகத்தின் நகைகள்தான் கைகொடுத்தன. 1992-ல் வந்த 'ரோஜா' படப் பாடல்கள் அங்கே உருவானவை.

தெலங்கானாவில் கிராமத்துத் தலித் பெண்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 2008 அக்டோபர் 15 முதல் 'சங்கம் ரேடியோ' நடத்தினார்கள். பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, ஒலிபரப்புவது எல்லாம் அவர்களே.

அறையைத் தயார் செய்வது எப்படி?

1. அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்று சத்தம் திரும்பி வந்தால் அது எதிரொலி. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். துணியும் பஞ்சும் சத்தத்தை உள்வாங்கும்.

2. பாடுகிறவருக்குப் பின்னாலும் இரு பக்கமும் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். கொடி கட்டிப் போர்வை, பழைய சேலைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்க விடுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். மறுபடி கைதட்டினால் வித்தியாசம் தெரியும்.

3. முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்பார்கள். அது தவறு. வெளிச்சத்தம் கதவிடுக்கு, ஜன்னல் வழியாகத்தான் வரும். இடுக்கில் துணியைச் செருகுங்கள். ரோட்டுப் பக்க அறையை விட்டு, பின்கட்டு அறையை எடுங்கள்.

4. பதிவு நேரத்தில் ஃபேன், மிக்சி, டிவி எல்லாம் நிறுத்தணும். கோயில் குழாய் ரேடியோ பாடும் திருவிழா நாளில் பதிவு வேண்டாம்.

கருவி

தொடங்குவதற்குக் கையிலுள்ள செல்போன் போதும். ஃபோன் வராதபடி 'ஏரோபிளேன்' நிலையில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' என்று சொல்லும்போது காற்று மோதி 'பட்' என்று கேட்கும். கும்மிப் பாட்டென்றால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் வைக்கலாம். 'வேவ்' வகையில் பதிந்தால் ஒலி குறையாது. 'எம்பி3' இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒலியில் கொஞ்சம் இழப்பு உண்டு.

பத்துப் பாட்டாவது பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகிய பிறகு மைக் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். கம்ப்யூட்டரில் நேரே செருகும் யூஎஸ்பி மைக் முதலில் போதுமானது. வருமானம் வருமென்று உறுதியாகத் தெரியாமல் இதற்குக் கடன் எடுக்க வேண்டாம்.

பாடுகிறவருக்கு மரியாதை

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடப் பெரியவர்கள் தயங்குவார்கள். "சாவு விழாத வீட்ல ஒப்பாரி வைக்கக்கூடாது" என்பார்கள். வற்புறுத்தக் கூடாது. குழுக் கட்டடத்திலோ தோட்டத்திலோ பாடச் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதிவை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று முன்னாலேயே கேட்டு, எழுதிப் படித்துக்காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி பாடுகிறவருக்குத் தன் பாடலின் பதிவு மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. பணம் வந்தால் அவருக்கும் பங்கு வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் பெயர், ஊர், தேதி, எந்தச் சமயத்தில் பாடுவது என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். ஃபோன் தொலைந்தாலும் பாட்டு தொலையாது.

வீட்டில் பதிவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ரேடியோவில் ஒலிபரப்பத்தான் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

அடுத்த குழுக்கூட்டத்தில் நம் ஊரில் யார் யாருக்கு என்னென்ன பாட்டுத் தெரியும் என்று ஒரு பட்டியல் போடுவோம். அதில் வயதில் மூத்தவரிடம் முதலில் போவோம்.