வீட்டுத் தொட்டியில் கில்லி மீன்கள்

கில்லி என்றதும் நம்மவர் பலருக்கு இளமையில் தெருவில் ஆடிய கிட்டிப்புள் நினைவுக்கு வரும். ஆங்கிலம் பயின்றோர்க்கோ, இது பிற மீன்களைக் கொல்லும் மீன் போலும் என்ற ஐயம் எழும். இரண்டும் பொருந்தா. டச்சு மொழியில் 'கில்' என்பது சிற்றோடையைக் குறிக்கும் சொல். ஓடை, குட்டை, வாய்க்கால் போன்ற சிறு நீர்நிலைகளில் வாழும் மீன் குடும்பங்கள் சிலவற்றிற்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. இவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஆஸ்திரேலியாவும் தென்துருவக் கண்டமும் நீங்கலாக ஏனைய கண்டங்களில் எல்லாம் இவை காணப்படுகின்றன.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மில் பலருக்குத் தோட்டம் இல்லை, முற்றம் இல்லை, மாடும் கன்றும் கனவிலேயே உண்டு. இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் ஓர் உயிரை வளர்த்து, அது பல்கிப் பெருகுவதைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்பினால், அதற்கு இம்மீன்கள் மிகவும் ஏற்றவை.

முதலில் எவ்வகையைத் தேர்ந்தெடுப்பது? தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டிலேயே 'பஞ்சாக்ஸ்' எனப்படும் கில்லி மீன்கள் உண்டு. கங்கையாற்று மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் 1822-இல் வெளியிட்ட நூலில் இம்மீன் இடம்பெற்றது. வங்காளிகள் இதனைத் 'தேச்சோக்கா' என்பர். மூன்று கண் உடையது என்பது பொருள். இதன் தலையுச்சியில் வெண்புள்ளி ஒன்று மின்னுவதால் அப்பெயர் வந்தது. இதன் உறவினமான வரிப் பஞ்சாக்ஸ் மேற்குக் கடற்கரைப் பகுதியில் மிகுதியாக உண்டு. கேரளத்தார் இதனை 'மானத்துக்கண்ணி' என்று அழைக்கின்றனர். நீர்மட்டத்தை ஒட்டி நின்று, வானத்தைப் பார்த்தவாறே பூச்சிகளுக்காகக் காத்திருக்கும் மீனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. நான்கு அங்குலம் வரை வளரும் இவ்வரிப் பஞ்சாக்ஸே புதியவர்க்கு ஏற்றது என்பது நம் கருத்து.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கொல்கத்தாவில் காலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், சென்னையில் கொளத்தூரிலும் வண்ண மீன் வாணிகம் பெருமளவில் நடைபெறுவதைப் பலரும் அறிவர். எங்கு வாங்கினும், துடுப்புகளை விரித்து நிற்கும் மீனையே தேர்க. வயிறு ஒட்டியதும், முதுகு வளைந்ததும், துடுப்பை மடக்கி மூலையில் ஒதுங்கி நிற்பதும் வேண்டா. மிகப் பெரிய, மிக அழகிய மீனைக் கண்டு மயங்குதலும் கூடாது. அது பெரும்பாலும் முதுமையை நெருங்கியதாக இருக்கும். ஓர் இணையை வாங்குவதைவிட இளமீன்கள் ஆறு வாங்குவது நன்று. ஆண் மீனின் உடலில் பொற்புள்ளிகள் வரிசையாக ஒளிரும். பெண் மீனின் உடலில் கருநிறக் குறுக்குப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கரும்புள்ளியும் காணப்படும்.

மீன் வருவதற்கு முன்பே தொட்டி ஆயத்தமாக இருத்தல் வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் நீர் கொள்ளும். அதனை முக்கால் பங்கு நிரப்பினால் போதும். குழாய்நீரில் உள்ள குளோரின் மீனுக்கு நஞ்சு. ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் அது பெரிதும் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது. கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்த வேண்டும். காற்றுக்குழாய் இணைத்த பஞ்சு வடிகட்டி ஒன்றும், நீரில் மிதக்கும் சில செடிகளும் போதுமானவை. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுக. வெப்பம் 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருப்பது நலம். தில்லியின் மார்கழிக் குளிரில் மின்சூடேற்றி இன்றியமையாதது.

மூடியைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். நாம் முதன்முதலில் இம்மீன்களை வாங்கிய கடையில், இவை துள்ளும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மூடியின் ஓரத்தில் காற்றுக்குழாய் செல்வதற்காக இரண்டு விரல் அகலம் இடைவெளி விட்டிருந்தோம். மறுநாள் காலையில் நம் ஒரே ஆண் மீன் தரையில் காய்ந்து கிடந்தது. அன்று குழந்தைகள் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஆதலின் விரல் நுழையும் இடைவெளியையும் பஞ்சால் அடைத்துவிடுக.

இனி இனப்பெருக்கம். ஆணையும் பெண்ணையும் ஒரு வாரம் தனித்தனியே வைத்து, கொசுப்புழு போன்ற உயிருணவை நிரம்பக் கொடுக்க வேண்டும். பிறகு ஓர் ஆணுடன் இரண்டு பெண்களைச் சேர்த்துவிடுக. ஒரே பெண் மீன் இருப்பின் ஆண் ஓயாது துரத்தி அதனை நலியச் செய்துவிடும். இயற்கையில் இவை நீர்ச்செடிகளில் முட்டையிடுகின்றன. வீட்டிலோ நூற்கொத்து ஒன்றே போதும். கரும்பச்சை நிறச் செயற்கைக் கம்பளி நூலை ஒரு புத்தகத்தின்மேல் ஐம்பது சுற்றுச் சுற்றி, ஒரு புறம் இறுகக் கட்டி, மறுபுறம் வெட்டினால் கொத்து ஆயத்தமாகிவிடும். சாயம் போகும்வரை கொதிநீரில் அலசி, ஒரு தக்கையில் கட்டி மிதக்கவிடுக.

நாள்தோறும் சில முட்டைகள் அந்நூலில் ஒட்டியிருக்கக் காணலாம். மீன் முட்டையைக் கையால் தொட்டால் உடைந்துவிடும் என்று அஞ்சவேண்டா. கருவுற்ற முட்டை விரலுக்கு உறுதியாகவே இருக்கும். அவற்றைப் பொறுக்கி, ஆழமற்ற கிண்ணத்தில், மெத்திலீன் நீலம் ஒரு துளி கலந்த தொட்டி நீரில் இட்டு, நிழலான இடத்தில் வைக்க வேண்டும். வெண்ணிறமாக மாறும் முட்டை கெட்டது. அதனை அன்றே நீக்காவிடின் பூஞ்சை மற்றவற்றையும் பற்றும். சில நாட்களில் முட்டைக்குள் இரு கரிய கண்கள் தெரியும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும்.

தொடக்கநிலையினர் பலர் தோல்வியுறுவது இவ்விடத்தில்தான். குஞ்சுகளுக்கு அசையும் உணவு வேண்டும்; பொடியுணவைத் தூவிவிட்டு அவை உண்டன என்று நம்பியிருப்பது பிழை. ஆர்ட்டீமியா எனும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டைகள் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் அயோடின் சேராத உப்பு 25 கிராம் கரைத்து, அம்முட்டைகளை இட்டு, காற்றுக் குமிழிகள் ஓயாது எழச் செய்தால், ஒன்று ஒன்றரை நாளில் அவை பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால், பொரிந்தவை வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றை உறிஞ்சியெடுத்து நன்னீரில் அலசிக் குஞ்சுகளுக்கு இடுக. குஞ்சுகள் வளருங்கால் பெரியனவற்றை வேறு பிரித்துவிட வேண்டும்; இல்லையேல் அண்ணன் தம்பியை விழுங்கிவிடுவான்.

இவற்றில் பழகியோர் அடுத்து ஆப்பிரிக்கப் பருவ மீன்களை நாடலாம். சான்சிபார் தீவின் நோத்தோபிராங்கியஸ் குந்தேரி இதற்குச் சான்று. மழைக்காலக் குட்டையில் பிறந்து, சில வாரங்களிலேயே வளர்ந்து, சேற்றில் முட்டையிட்டு, குட்டை வற்றும்பொழுது பெற்றோர் மடிந்துவிடும். முட்டைகள் மட்டும் அடுத்த மழைவரை மண்ணுக்குள் உறங்கும். வீட்டில் சேற்றுக்கு மாற்றாக, நன்கு வேகவைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளைத் தொட்டியில் இடுவோரும் உண்டு. முட்டையிட்ட தூளைப் பிழிந்து, புகையிலைபோல் ஈரம் சற்றே எஞ்சும் பதத்தில் பையிலிட்டு, நாளைக் குறித்து, மூன்று திங்கள் வைத்திருந்து குளிர்நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். எல்லா முட்டைகளும் ஒருசேரப் பொரியா. முதல் மழை ஏமாற்றினும் குலம் அழியாதிருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. ஆதலின் தூளை எறியாது மீண்டும் உலர்த்தி வைக்க வேண்டும். இவ்வகையில் கடையில் முழு வண்ணத்துடன் நிற்கும் மீனை வாங்குவோர் அதன் வாழ்நாளின் கடைசிப் பகுதியையே வாங்குகின்றனர். முட்டையாகவோ குஞ்சாகவோ பெறுவதே அறிவுடைமை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

எம்மீனாயினும் அதன் பெயரையும் பிறப்பிடத்தையும் எழுதித் தொட்டியில் ஒட்டுக. நெருங்கிய இனங்களின் பெண் மீன்கள் ஒன்றுபோலவே தோன்றும். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க இயலாது.

இறுதியாக ஒன்று. நம்மில் பலர்க்கு இடமாற்றம் எப்பொழுது வரும் என்று தெரியாது. மூட்டை கட்டும் வேளையில் மீன்களை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிட்டுப் போவது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் அது தீங்காகும். கொசுவை ஒழிப்பதற்கென 1928-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட காம்பூசியா மீன், புகுந்த நீர்நிலைகளில் உள்ளூர்ச் சிறுமீன்களை நெருக்கித் துன்புறுத்தியது. கொசுப்புழுவை உண்ணும் பஞ்சாக்ஸ் அந்நீர்நிலைகளில் முன்பே இருந்தது. அதன் அருமையை நாம் அறிந்திலோம். ஆதலின் செல்லும் இடத்திற்கு முட்டைகளை ஈரத்துணியில் பொதிந்து எடுத்துச் செல்க. மீன்களை அண்டைவீட்டாரிடம் ஒப்படைக்க. அண்டைவீட்டார் வங்காளியாயின் 'தேச்சோக்கா' என்றும், மலையாளியாயின் 'மானத்துக்கண்ணி' என்றும் பெயர் சொல்லிக் கொடுங்கள். தம் ஊர் வாய்க்காலில் கண்ட மீனை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வர்.