உத்தரவு ஒரு செல்லுக்கு, உழைப்பு பக்கத்துச் செல்லுக்கு

மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மருந்துகளின் பெட்டியில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்துவந்தது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு என்று மிரட்டும் அந்த எச்சரிக்கையை எடுத்துவிடப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் அறிவித்தது. உடனே பயமெல்லாம் வீண் என்று சிலர் முழங்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறப்புறுப்பு வறட்சிக்குத் தடவும் குறைந்த அளவு க்ரீமிலும் அதே மிரட்டல்தான் இருந்தது. அதை எடுத்தது நியாயம். மாத்திரை விஷயம் வேறு. மார்பகத் திசுவுக்குப் பெட்டியைப் படிக்கத் தெரியாது.

பழங்கதையைச் சுருக்கிவிடுவோம். சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதை இளமை மருந்தாக்கி 1966இல் ஒரு டாக்டர் புத்தகமே போட்டார். 1975இல் அந்த மாத்திரை கர்ப்பப்பைப் புற்றுநோயைக் கூட்டுவது தெரியவந்தது. அதைத் தடுக்கப் புரோஜெஸ்டரோன் வகை மருந்தையும் சேர்த்து இரட்டை மருந்தாக்கினார்கள். கர்ப்பப்பை தப்பியது. மார்பகத்தில்தான் வினை.

கர்ப்பப்பையின் உள்சுவரை அடக்கிவைக்கும் ஹார்மோன் மார்பகத்தில் மட்டும் ஏன் தூண்டிவிடுகிறது? ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ச் சாலையில் மண்சரிவை அள்ளும் வேலை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போன் மேஸ்திரிக்குத்தான் வரும். அவர் மண்வெட்டியைத் தொடமாட்டார். திரும்பி ஒரு குரல் கொடுப்பார், பக்கத்தில் நிற்பவர்கள் குனிவார்கள். மார்பகத்திலும் புரோஜெஸ்டரோனின் செய்தியைக் கேட்கும் செல் பெரும்பாலும் தான் பிரிவதில்லை. ராங்க்-எல் என்ற புரதத்தை வெளியே விடுகிறது; அது பட்ட பக்கத்துச் செல்கள்தாம் பிரிகின்றன. மேஸ்திரிக்குப் போன் வாங்கிக் கொடுப்பது ஈஸ்ட்ரோஜன்: புரோஜெஸ்டரோனைக் கேட்கும் ஏற்பி அதன் தயவில்தான் உருவாகிறது. மாதவிலக்கு இருந்த காலத்தில் மாதத்தில் பாதி நாள்தான் அழைப்பு வரும். தினசரி மாத்திரையில் ஞாயிற்றுக்கிழமை லீவுகூட இல்லை. வேலை கூடக்கூட டி.என்.ஏ. நகலெடுப்பில் பிழையும் கூடும்.

இதே மேஸ்திரியின் குரல் எலும்பில் கேட்டால் கடப்பாரையோடு வேறு கோஷ்டி எழுந்து வரும். எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்புவதும் ராங்க்-எல்தான். அங்கே அதற்குக் கடிவாளம் போடுவது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் எலும்பு தேய்கிறது. ஒரே மூலக்கூறு, ஒரு இடத்தில் கட்டுகிறது, இன்னொரு இடத்தில் இடிக்கிறது. 2010இல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வுகள் இந்தக் குரலை அடைத்துப் பார்த்தன. புரோஜெஸ்டரோன் வகை மருந்து தூண்டிய மார்பகக் கட்டிகள் குறைந்தன, தாமதமாக வந்தன.

இனி கணக்கு. 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வில் 16,608 பெண்கள். இரட்டை மருந்து சாப்பிட்டவர்களில் ஆண்டுக்குப் 10,000 பேருக்கு 38 மார்பகப் புற்றுநோய். வெற்று மாத்திரைக்காரர்களில் 30. செய்தித்தாள்கள் "26 சதவீதம்" என்று அலறின. பத்தாயிரத்துக்கு எட்டு என்பது யார் காதிலும் விழவில்லை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த இணை ஆய்வில் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. மேஸ்திரிக்குப் போன் இருந்தும் அழைப்பவர் இல்லை!

அதற்காக எட்டுதானே என்று தள்ளவும் முடியாது. 2019இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு, 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் இரட்டை மருந்தைத் தினமும் எடுக்கும் 50 பேரில் ஒருவருக்கு, அடுத்த 20 ஆண்டுகளுக்குள் கூடுதலாக நோய் வரும் என்கிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவர். இந்த ஆய்வு அதிலும் சிறு ஆபத்தைக் காண்கிறது. தகராறு தீரவில்லை. ஆகவே மருந்து எழுதும் டாக்டர் முதலில் கேட்கவேண்டியது கர்ப்பப்பை இருக்கிறதா என்பது. அடுத்தது, எத்தனை வருடத்துக்கு.

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் பெண்களுக்கு இந்த மாத்திரைச் சண்டை எட்டாத தூரம். நிறையப் பிள்ளை பெற்று நீண்ட காலம் தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும். அந்த வகையில் பட்டணத்துக்காரிகளைவிட மலைக்காரிகளுக்கு ஓரளவு அனுகூலம் உண்டு. ஆனால் கட்டி வந்துவிட்டால் அனுகூலமெல்லாம் போயிற்று. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மலையில் இருப்பவர் கட்டியை மேமோகிராம் எக்ஸ்ரேயில் பார்க்கத் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்கவேண்டும். அதற்கு பஸ் டிக்கெட்டோடு ஒரு நாள் கூலியும் போகும். அமெரிக்கப் பெட்டியில் எதை அழித்தாலும் அந்த பஸ் டிக்கெட்டின் விலை குறையப்போவதில்லை.