நிலா ஒரு கமிஷன் ஏஜென்ட்!

என் மகள் அஞ்சாம் கிளாஸ். போன வாரம் அறிவியல் டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். 'தானாக ஒளி தரும் இயற்கைப் பொருள்கள் மூன்று எழுதுக.' சூரியன் என்று எழுதியிருந்தாள், டிக். நிலா, பெருக்கல் குறி. ஆட்டுக்கண், இரண்டு பெருக்கல் குறி, கூடவே ஓர் ஆச்சரியக்குறி!

"நீங்களும்தானேப்பா பார்த்தீங்க?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பார்த்தேன்தான். அந்த ஆட்டுக்கண் இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை. ஒருவேளை எழுத ஆளும் இல்லை.

லீவுக்குச் சொந்த ஊரான கமுதிக்குப் போயிருந்தோம். அபிராமத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அண்ணனின் பைக்கில் நானும் மகளும் திரும்பிக்கொண்டிருந்தோம். அமாவாசைக்கு முந்தின ராத்திரி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ரோடு காலி என்ற தைரியத்தில் கொஞ்சம் முறுக்கினேன். திடீரென்று முன்னால், தரையோடு தரையாக, பத்துப் பதினைந்து பச்சைப் பொட்டுகள். மினுமினுவென்று!

பிரேக்கை அழுத்தினேன். பைக் தேய்ந்து போய் நின்றது. பொட்டுகள் 'ம்மே' என்றன. ஆடுகள். அவை எதை ஒட்டிப் படுத்திருந்தன தெரியுமா? அச்சு முறிந்து ரோட்டிலேயே நின்றிருந்த ஒரு டிராக்டர் டிரெய்லரை. அது நிறைய கரிமூட்டை. பின்னால் விளக்கும் இல்லை, ஒட்டுப் பட்டையும் இல்லை. எனக்கும் அதற்கும் நடுவே நாலைந்து முழம்தான். அதுவரை அப்படியொரு வஸ்து அங்கே இருப்பதே என் கண்ணுக்குப் படவில்லை, ஐயா!

நான் பி.காம். பிசிக்ஸ் எனக்கு ஒட்டாது. ஆனால் வெளிச்சத்தை வரவு செலவாக மாற்றிப் போட்டால் விளங்கிவிடும். பேப்பரைத் திருப்பிப்போட்டு மகளுக்குக் கணக்கு எழுதிக் காட்டினேன்.

உலகத்தில் சொந்த முதல் போட்டு வெளிச்சம் தருகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். சூரியன், மற்ற நட்சத்திரங்கள், மின்னல், நெருப்பு, மின்மினி. கடலிலும் உண்டு: 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மினுங்குகிறது என்று ஜனம் திரண்டு ஓடியதே, அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் சொந்தச் சரக்கு. மீதி எல்லாரும் வந்த வெளிச்சத்தில் கொஞ்சம் விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பிவிடுகிறவர்கள். நம் கண்ணுக்கு வந்து சேருவது அந்த மிச்சம்தான்.

நிலா எவ்வளவு திருப்பித் தருகிறது? ரூபாய்க்குச் சுமார் 12 காசு! கிட்டத்தட்ட பழைய தார் ரோடு தருகிற அளவு. பாலாய்ப் பொழிகிறது என்று கவிஞர்கள் உருகுகிற நிலா, நிஜத்தில் தார் ரோட்டுக் கலர். சுற்றிலும் வானம் கும்மிருட்டாக இருப்பதால் அது வெள்ளைவேட்டிப் பண்ணையார் மாதிரித் தெரிகிறது. பௌர்ணமி வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய நாலு லட்சம் மடங்கு சூரிய வெளிச்சம். புதுப் பனி 80 காசுக்கு மேல் திருப்பித் தரும். பூமி மொத்தமாக 30 காசு. கரி? நாலைந்து காசு தந்தால் அதிகம். என் ஹெட்லைட் போட்ட முதலை அந்த டிரெய்லர் அப்படியே ஏப்பம் விட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கரியை அப்படி ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது. எங்கள் பக்கம் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை மட்டுப்படுத்திப் புகையவிட்டு எடுக்கிற கரி, மரம் வெயிலில் போட்டுவைத்த ஃபிக்ஸட் டெபாசிட். அடுப்பில் போட்டுப் பற்றவைத்தால் கடன்காரன் முதலாளியாகிவிடுகிறான்! சுமார் 525 டிகிரி செல்சியஸ் சூட்டில் எந்தப் பொருளும் மங்கலான சிவப்பில் தானாக ஒளிர ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி. இஸ்திரிப்பெட்டிக் கங்குக்கும் சூரியனுக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான்.

ஊரில் இன்னொரு விழுங்கியும் இருக்கிறது. செங்கப்படை பக்கம் 2,500 ஏக்கரில் அதானி நிறுவனத்தின் சோலார் மின் நிலையம். 2016 செப்டம்பரில் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகத்திலேயே பெரியது, 648 மெகாவாட். இருபத்தைந்து லட்சம் பலகைகள். வெறும் சிலிக்கானைப் பாலீஷ் போட்டு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தெறித்து அனுப்பிவிடும். அதைத் தடுக்கத்தான் மெல்லிசான பூச்சு. அந்தப் பூச்சுக்கும் டிமிக்கி கொடுத்துத் தப்புகிற துளி நீலம்தான் பலகையின் நிறம். விழுங்கினதில் அந்தக் காலத்துப் பலகை மின்சாரமாக்கியது ரூபாய்க்கு 15, 16 காசு. மீதி சூடாகப் போச்சு. எங்கள் ஊரில் சூட்டுக்கா பஞ்சம்!

"அப்ப ஆட்டுக்கண்?" என்றாள் மகள், விடாமல்.

ஆட்டின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. மனுஷனுக்குக் கிடையாது. உள்ளே வந்த வெளிச்சத்தை, வந்த வழியாகவே அனுப்பினவருக்கே திருப்பிவிடும். முகவரிதாரர் இல்லாத மணியார்டர் மாதிரி! சாதாரணக் கண்ணாடி அப்படியில்லை. சாய்வாக விழுந்தால் வேறு யாருக்கோ அனுப்பிவிடும். இங்கிலாந்தின் பெர்சி ஷா 1934-ல் இதே வித்தைக்குப் பேடண்ட் வாங்கினார். ரோட்டு நடுவில் பதிக்கிற ரிஃப்ளெக்டர் குமிழ். அதற்கு வைத்த பேரே 'பூனைக்கண்'. எங்கள் ரோட்டில் அன்றைக்கு அந்த வேலையை ஆடு பார்த்தது, சம்பளமில்லாமல்.

அன்று ராத்திரியே சோதனையும் நடந்துவிட்டது. டிராக்டர்காரரை எழுப்பி, கருவேலங்கிளையை வெட்டி ரோட்டில் போடவைத்த பிறகு ஹெட்லைட்டை அணைத்தேன். பொட்டுகள் மாயம். போட்டேன், பழையபடி பச்சை. மகள் அதைக் கவனிக்கவில்லை. குட்டியைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். மார்க் போனதற்கு நான் பொறுப்பல்ல.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கினேன். அண்ணனின் பைக்குக்கு, பக்கத்து வீட்டு மாட்டு வண்டிக்கு, விடியுமுன் காட்டுக்குக் கிளம்புகிற அப்பத்தாவின் கம்புக்கும் ஒரு துண்டு. டார்ச் அடித்துக் காட்டினேன். பளிச்!

அப்பத்தா கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஏப்பு, இது தன்னால எரியுதா?"

"இல்ல அப்பத்தா. எல்லாம் கடன் வெளிச்சம்."

"அப்பச் சரி. கரண்டு பில்லு வராதுல்ல?"