ஈயம் பூசிய பை

உயிரியல் போதிக்கும் ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் எனக்கு எழுதிய கடிதத்தில், செல் என்னும் உயிரணுவுக்குள் இருக்கும் லைசோசோம்களுக்குத் "தற்கொலைப் பைகள்" என்று மறுபெயர் உண்டெனச் சொன்னதும் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "அப்படியானால் செல் அதை ஏன் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிறது, டீச்சர்?" என்று கேட்டதாகவும், தமக்கு உடனே விடை தோன்றவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கேள்வி இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. உயிரணுவின் உட்கரு இன்னது, மைட்டோகாண்டிரியா இன்னது என்பதெல்லாம் பள்ளிக்கூடம் சென்றவர் யாவரும் அறிந்த சங்கதியாதலால், அவற்றை விடுத்து, வீண்பழி சுமந்து நிற்கும் இந்தச் சின்னஞ்சிறு பையைப் பற்றி மட்டும் இங்கே சொல்லப் பிரியப்படுகிறேன்.

பெல்ஜியம் தேசத்து லூவேன் பல்கலைக்கழகத்தில், 1949-ஆம் ஆண்டில், கிறிஸ்டியன் டி டூவ் என்னும் விஞ்ஞானி, இன்சுலின் கல்லீரலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் கல்லீரலைப் பதமாக அரைத்து அதிலுள்ள ஒரு நொதியின் வீரியத்தை அளந்தபோது, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்கே தென்பட்டது. அரைத்ததைக் கொட்டிவிடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து ஐந்து நாள் கழித்து மறுபடி அளந்தால், வீரியம் முழு அளவுக்கு ஏறியிருந்தது. செத்த கல்லீரலில் புது நொதி பிறந்திருக்க நியாயமில்லை; முன்னமே இருந்தது ஏதோ ஓர் உறைக்குள் அடைபட்டுக் கிடந்து, உறை நைந்ததும் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1955-இல் அந்த உறைக்கு லைசோசோம் என்று நாமகரணம் செய்தார். 1974-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பைக்குள் ஏறத்தாழ 60 வகை நொதிகள் இருக்கின்றன. புரதமோ, கொழுப்போ, மாவுப்பொருளோ, எது உள்ளே வந்தாலும் அதைக் கரைத்துச் சிறு கூறுகளாக்கிவிடும் சக்தி அவற்றுக்கு உண்டு. அவை வேலை செய்வதற்குப் புளிப்பு வேண்டுமாதலால், பையின் சவ்வில் பொருந்திய நுண்ணிய பம்புகள் ஓயாமல் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைத்து, சுற்றியுள்ள செல்திரவத்தைக் காட்டிலும் நூறு மடங்குக்கும் மேலான அமிலத்தன்மையை அங்கே நிலைநிறுத்துகின்றன.

இவ்வளவு உக்கிரமான சரக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்தப் பை தானே ஏன் கரைந்துபோவதில்லை? இதை நினைக்கும்போதெல்லாம் சிறுவயதில் எங்கள் தெருவுக்கு வந்துபோன ஈயம் பூசுகிறவர் என் கண்முன் நிற்கிறார். வேப்பமரத்தடியில் குழி பறித்துத் துருத்தி பொருத்தி, கரித்தணலில் பித்தளைத் தவலையைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவியதும் குப்பென்று வெண்புகை எழ, ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்துப் பழந்துணியால் அவர் சுற்றித் துடைக்கும்போது, மஞ்சள் மறைந்து தவலையின் உட்புறம் முழுவதும் பளிச்சென்று வெளுத்துவிடும். ஈயம் போன பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறிவிடும் என்று என் தாயார் அதில் ரசம் வைக்கவே சம்மதிக்க மாட்டார். லைசோசோமும் ஈயம் பூசிய பாத்திரந்தான்: அதன் சவ்வில் ஊன்றி நிற்கும் புரதங்களின்மீது சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து படர்ந்து, நொதிகள் சவ்வை அரித்துவிடாதபடி உட்புறத்தைப் போர்த்துக் காக்கின்றன. அதையும் மீறி ஒரு பை எங்கேனும் கசிந்தாலும், வெளியே புளிப்பில்லாத இடத்தில் அந்த நொதிகள் பெரும்பாலும் வீரியம் குன்றிவிடுகின்றன. பூட்டுக்கு மேல் பூட்டு!

இவ்வளவு பத்திரமாகக் காப்பது எதற்காக? டோக்கியோ பல்கலைக்கழகத்து யோஷினோரி ஓசுமி, 1988-இல், கரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையொன்றைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். ஈஸ்டில் லைசோசோமின் வேலையைச் செய்வது வேக்குவோல் என்னும் பெரிய அறை. சில மணி நேரத்துக்குள் அந்த அறை நிறையச் சிறு உருண்டைகள் துள்ளித் திரிந்தன. உயிரணு தன்னுள் பழுதானவற்றையும் உபரியானவற்றையும் மூட்டை கட்டி அங்கே அனுப்பியிருந்தது. பிரிக்க ஆளில்லாததால் மூட்டைகள் அப்படியே குவிந்துவிட்டன. 'தன்னுண்ணல்' என்னும் இந்தக் காரியத்தின் மர்மத்தை விளக்கியமைக்காக ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நம் சரீரத்தில் நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை புரதம் சிதைந்து புதிதாக உருவாகிறது. நாம் உண்ணும் புரதமோ அதில் ஒரு பகுதியே. மிச்சமெல்லாம் பழையதைப் பிரித்து மீட்ட சரக்கு. இந்த வேலையில் புரோட்டியாசோம் என்னும் வேறோர் அமைப்புக்கும் பெரும் பங்கு உண்டெனினும், தேய்ந்துபோன ஒரு மைட்டோகாண்டிரியத்தை முழுதாக வாங்கிப் பிரித்துக் கொடுக்க லைசோசோமை விட்டால் நாதியில்லை.

அந்த 60 நொதிகளில் ஒன்று குறைந்தாலும் விளையும் துன்பம் கொஞ்சமல்ல. போம்பே நோயில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைப் பிரிக்கும் நொதி இல்லாமையால், பச்சிளங் குழந்தையின் தசையிலும் இருதயத்திலும் அது தேங்கி உயிரையே வாங்கிவிடுகிறது. இதைக் கண்டறிந்து 1963-இல் சொன்னவர் டி டூவின் சகாவான ஹெர்ஸ். இம்மாதிரி நோய்கள் 50-க்கு மேல் உள்ளன.

நேற்றுவரை இந்தப் பைக்குப் பழி, இன்றோ மிகைப்புகழ். ஓசுமிக்கு நோபல் பரிசு வந்ததிலிருந்து, பட்டினி கிடந்தால் உடம்பின் அழுக்கெல்லாம் நீங்கிச் சகல ரோகமும் தீரும் என்று விலை வைத்து விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்டை. மனிதர் எத்தனை வேளை உண்ணாதிருந்தால் எந்த உறுப்பில் எவ்வளவு தன்னுண்ணல் நடக்கும் என்பது இன்னும் தீர அளக்கப்படாத விஷயம். உபவாசம் இருக்க நினைப்பவர்கள் தங்கள் நம்பிக்கைக்காக இருக்கட்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடப்பது ஆபத்து.

ஆகவே, அந்தச் சிறுமிக்கு ஆசிரியை இப்படி விடை சொல்லலாம்: "அம்மா, அது சாவதற்காக வைத்திருக்கும் பை அல்ல, நாள்தோறும் பழையதைப் பிரித்துப் புதியது ஆக்கி உயிர் வாழ்வதற்காக வைத்திருக்கும் பை." உயிரணு தன்னைத் தானே ஒழுங்காக மாய்த்துக்கொள்ளும் காரியத்தைப் பிரதானமாக நடத்துபவை காஸ்பேஸ் எனப்படும் வேறு நொதிகள், அவை லைசோசோமில் இருப்பவையுமல்ல. பாடநூல் எழுதும் பெரியோர்கள் அடுத்த பதிப்பிலாவது "தற்கொலைப் பைகள்" என்ற அந்தப் பெயரை நீக்கிவிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.